கையில் ஒரு புள்ளி

சனிக்கிழமை மாலை, காரைக்குடி செக்காலை ரோடு,
பாத்திரக்கடை மாடியில் நான்கு மேசை.
கீழே யாரோ குத்துவிளக்கை எடை போடுகிறார்கள்,
தராசுத் தட்டின் சத்தம் படியேறி வருகிறது.

பல் பிடுங்கிப் பழகிய கை சேவுகனுக்கு.
வலிக்காமல் ஓர் அட்டையை எடுத்து வைக்கிறார்:
ஒரு நோ டிரம்ப்.
பேச்சில்லை. பேசக்கூடாது. புருவம்கூட ஏறக்கூடாது.
ஆறு வருஷமாய் எதிரே உட்கார்ந்திருப்பவளுக்கு
அந்த அட்டை ஒரு முழுக் கடிதம்.
பதினைந்துக்குக் குறையாது, பதினேழைத் தாண்டாது,
நாலு இனமும் கையில் உண்டு,
எந்தப் பக்கமும் பெரிய சாய்வில்லை,
இனி உன் பாடு, உமையாள்.

சீட்டை இன்னொரு முறை விரித்துப் பார்க்கிறேன்,
பார்த்தால் கூடிவிடும் என்பது போல.
ஸ்பேடில் எட்டு, நாலு, இரண்டு.
டைமண்டில் ஆறும் இரண்டும்.
கிளப்பில் பத்து, எட்டு, ஆறு,
கண்டனூர் போகும் பஸ் நம்பர் மாதிரி.
ஹார்ட்டில் மட்டும் ஐந்து பேர்.
தலைக்கு ஒரு ஜாக்,
அவனுக்குக் கீழே ஒன்பது, ஏழு, ஐந்து, மூன்று.
மொத்தம் ஒரு புள்ளி.
ஒன்றே ஒன்று.

புள்ளி என்றால் எங்களுக்கு வேறு கணக்கும் உண்டு.
கல்யாணம் ஆனால் ஒரு புள்ளி,
கோயில் நோட்டில் ஒரு வரி, அதற்கொரு வரிப்பணம்.
இன்று காலை ரசீதுப் புத்தகத்தோடு வந்தவர்
நல்ல மனுஷர், மோர் வாங்கிக் குடித்தார்,
பேனா மூடியைத் திறந்துவிட்டுத் தயங்கினார்.
"இப்ப அரைப்புள்ளிதானே ஆச்சி?"
"ஆமா, அரைதான்."
சில்லறை சரியாக இருந்தது.

அதை ஏன் இங்கே நினைக்கிறேன்.
கிழக்கில் பேங்க் மேனேஜர் பாஸ் வைத்துவிட்டு
விரலால் மேசையைத் தட்டுகிறார்.

இந்தக் கைக்குப் பாஸ் என்பார்கள் புதிதாக ஆடுகிறவர்கள்,
ஒன்றுமில்லாதவளுக்கு வாய் எதற்கு என்று.
நானும் சொல்லியிருக்கிறேன்.
சேவுகன் ஒற்றை நோ டிரம்ப்பில் தனியே மூழ்குவதைக்
கைகட்டிப் பார்த்தும் இருக்கிறேன்.
ஏழைக் கைதான் முந்திப் பேச வேண்டும் என்பது
மெதுவாகத்தான் உறைத்தது.
துருப்பில்லாத ஆட்டத்தில் என் மூன்று வெறும் தூசு.
துருப்பாக்கிவிட்டால் அதே மூன்று
ஒரு ராஜாவை வெட்டும்.

ஹார்ட் வேண்டுமென்றால் ஹார்ட் என்று சொல்லக்கூடாது,
அதற்கு ஒருபடி கீழே உள்ளதைச் சொல்ல வேண்டும்.
இரண்டு டைமண்ட்.
இதில் எனக்குப் பயிற்சி தேவைப்படவில்லை.
பசிக்கிறது என்பதை "வெயில் ஏறிருச்சு" என்றும்
போகாதே என்பதை "பஸ் போயிருக்குமே" என்றும்
சொல்லி வளர்ந்த வாய்.

"டிரான்ஸ்பர்" என்கிறார் சேவுகன், விதிப்படி, உரக்க.
மேனேஜர் திடுக்கிடுகிறார்.
அவருக்குத் தூத்துக்குடி ஆர்டர் வந்து நாலு நாள்தான் ஆகிறது.
எல்லோரும் சிரிக்கிறோம்,
மேற்கில் அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

இரண்டு ஹார்ட் என்று அவர் வைக்க
நான் பாஸ் வைக்கிறேன். இது வேறு பாஸ்.

இனி நான் டம்மி.
இருப்பதை எல்லாம் மேசையில் பரப்புகிறேன்,
எட்டு நாலு இரண்டு, வெட்கப்பட நேரமில்லை.
சேவுகன் பார்க்கிறார்.
"நன்றி, பார்ட்னர்."
எந்தக் கைக்கும் அதைத்தான் சொல்வார்,
எல்லா மேசையிலும் அதைத்தான் சொல்கிறார்கள்.
தெரியும். இருந்தும் காது அதை எடுத்து வைத்துக்கொள்கிறது.

மூன்றாம் சுற்று டைமண்டில்
மேனேஜரின் ராஜா வந்து விழுந்ததும்
"மூணு" என்றார் சேவுகன்.
என் மூன்றை நானே எடுத்துப் போட்டேன்.

எட்டு எடுக்க வேண்டும், ஏழுதான் வந்தது.
கழித்தல் ஐம்பது.
மற்ற மூன்று மேசையிலும் நோ டிரம்ப்பில் நின்று
நூற்றைம்பது இழந்திருக்கிறார்கள்.
குறைவாகத் தோற்றதற்கு முதலிடம் எழுதினார்கள்,
சேவுகன் மசாலா சீயத்தை என் பக்கம் நகர்த்தினார்,
ஒன்றும் சொல்லவில்லை.

கீழே விலை படியவில்லை போல,
தராசு மறுபடி தட்டுகிறது.
அடுத்த ஆட்டத்துக்குச் சீட்டு வருகிறது.
முதலில் சீட்டை எண்ணுகிறேன், பதிமூன்று இருக்கிறதா என்று.
புள்ளியை அப்புறம்.