கடல் மட்டத்திலிருந்து

பள்ளிக்கூடத்து வரைபட நோட்டில்
எங்கள் மாவட்டத்துக்கு முழுப்பச்சை அடித்தோம்.
பழுப்புக் கிரேயான் கடைசிவரை தேயவில்லை.
இராமேசுவரத்தில் ஒரு பர்வதம் உண்டு,
பேர்தான் பெருசு,
மூச்சு வாங்குவதற்குள் முடிந்துவிடும்.

அன்று பக்கத்துப் பெஞ்சில் பச்சை அடித்த நைனா முகம்மது
இப்போது ஸ்காட்லாந்தில் மலை ஏறுகிறான்.
வேலை அபர்டீனில், எண்ணெய்க் கம்பெனியில் பம்பு பார்ப்பது.
சனிக்கிழமையானால் மலை.
மூவாயிரம் அடியைத் தாண்டியவற்றுக்கு
மன்ரோ என்று பேர் வைத்து
இருநூற்று எண்பத்திரண்டு என
எண்ணியும் வைத்திருக்கிறார்களாம்.
நாற்பத்தொன்று முடித்துவிட்டான்.
மேலே போனால் என்னடா தெரியும் என்றேன்.
முப்பது தடவை மேகம் என்றான்.

நான் கண்ட ஒரே மலை கொடைக்கானல்,
பஸ் ஜன்னலில் வாந்தி எடுத்தபடி.
ஆனாலும் என் பிழைப்பு உயரத்தில்தான்.
மண்டபம், உச்சிப்புளி, தங்கச்சிமடம்,
எந்த டவரில் சிக்னல் செத்தாலும்
ரெமிஜியுஸைக் கூப்பிடு.
இடுப்பில் பெல்ட். இரண்டு கொக்கி.
ஒன்றை மாட்டாமல் மற்றதைக் கழற்றாதே.
அவ்வளவுதான் படிப்பு.

போன கோடையில் ஒரு ராத்திரி அழைத்தான்.
ஸ்கை என்று ஒரு தீவாம்.
மலைமுதுகின் உச்சியில் ஒற்றைப் பாறை,
சுறாவின் துடுப்பு மாதிரி.
இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை என்றான்.
அந்த ஒன்றுமில்லையை அவன் சொன்ன விதத்தில்
எனக்கு இங்கே உள்ளங்கை வேர்த்தது.
கூட வந்த ஃபியோனா
மாட்டைத் தட்டுவதுபோல் பாறையைத் தட்டிவிட்டு
ஏறிப்போனாளாம்.
இவனுக்குப் பாதியில் இடது முழங்கால்
பிடிக்காத வல்லத்து இன்ஜினாக உதறியது.
இறங்கிவிட்டான்.
உச்சி இன்னும் எட்டாள் உயரம்.

யார்கிட்டயும் சொல்லிடாத, என்றான்,
முக்கியமா கீழக்கரைல லாத்தாகிட்ட.

நானும் யாரிடமும் சொல்லாதது ஒன்று இருந்தது.
ஆடி மாதக் கச்சான் காற்றில்
உச்சிப்புளி டவரின் அறுபதாவது மீட்டர்.
இந்தப் பக்கம் பாக் நீரிணை
அந்தப் பக்கம் மன்னார் வளைகுடா
நடுவே தண்டவாளம், அதற்கு மேலே நான்.
கொக்கியைக் கழற்ற வேண்டிய கை
கழற்ற மாட்டேன் என்றது.
பயம் என்றுகூடச் சொல்ல முடியாது,
கை வேற்றாளாகிவிட்டது.
நாற்பது நிமிடம் ஆங்கிள் கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
நாக்கில் துரு.
எனக்குக் கீழே ஒரு பருந்து வட்டமிட்டது.
பருந்தின் முதுகை முதன்முதலாகப் பார்த்தேன்,
தேயாத கிரேயான் நிறம்.
டீக்கடையில் இருந்தவர்கள்
மேலே நின்று போன் பேசுகிறான் என்று நினைத்தார்களாம்.

கேட்டுவிட்டு நைனா வெகுநேரம் பேசவில்லை.
அவன் பக்கத்துக் காற்று மட்டும் போனில் இரைந்தது.
பெல்ட் போட்டிருந்தியா என்றான்.
போட்டிருந்தேன்.
நானும் கயிறு கட்டித்தான் இருந்தேன்.
பிறகு இருவரும் சிரித்தோம்,
எதற்கென்று தெரியாமல், பாலன்ஸ் தீரும்வரை.

கார்த்திகையில் லீவுக்கு வந்தான்,
ஆட்டுக்குட்டி கனத்தில் பூட்ஸோடு.
பாம்பன் கடற்கரையில் கால் எடுத்து வைத்ததும்
அது நிறைய மணல்.
துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
விடியுமுன் போன வள்ளங்கள்
பாதிக் கடலில் முகம் திருப்பி
ஒவ்வொன்றாய் வந்துகொண்டிருந்தன.
கூடையோடு நின்ற பெண்கள்
என்ன பட்டது என்று கேட்டார்கள்.
வேறெதுவும் கேட்கவில்லை.
நைனா அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பூட்ஸைக் கவிழ்த்து மணலைக் கொட்டிவிட்டு
வெறுங்காலோடு அலையில் இறங்கினான்.
மலைக்காரர்களுக்கான ஆப் ஒன்றை
போனில் திறந்து காட்டினான்.
கடல் மட்டத்திலிருந்து உயரம்:
மைனஸ் இரண்டு மீட்டர்.

இதையும் கணக்குல சேர்த்துக்கடா, நாற்பத்திரண்டு, என்றேன்.

சேர்த்தானா தெரியாது.
அதற்குள் மழை பிடித்துக்கொண்டது.