மறுக்கத்தக்கது

பீட்டர்ஹெட் நீதிமன்றத்தில் அன்று ஹீட்டர் ஓடவில்லை.
கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள் எல்ஸ்பெத் புக்கன்.
கணவன் இறந்தானா என்பதல்ல வழக்கு,
இறந்ததாகக் கருதலாமா என்பது.

வடகடல் வாக்குமூலம் தராது.
தந்தது ஒரு பூட்ஸ், வலது கால்,
வேறொரு படகின் வலையில்.
சான்றாவணம் மூன்று என்று எண் போட்டிருந்தோம்.

நான் தட்டச்சுக்காரி. இந்தச் சொற்களோடு புழங்குகிறவள்.
அனுமானம் என்பது
உடல் கிடைக்காத இடத்தில்
சட்டம் கிடத்திவைக்கும் உடல்.

"இது மறுக்கத்தக்க அனுமானம்" என்றார் நீதிபதி.
"யார் மறுப்பது?"
"அவரே. வந்து நின்றால்."
சிரித்துவிட்டாள்.
"நான் சொன்ன எதை ஐயா அவர் மறுக்காமல் விட்டார்?
உப்பு சரியாக இருக்கிறது என்றால்கூட."

காணாமல்போய் ஏழாண்டு நிறைந்த நாளின் முடிவில்
இறந்தான் என்று தீர்ப்பு.
தேதியை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள்:
"அன்றைக்கு நான் பல் டாக்டரிடம் போயிருந்தேன்.
அதுவரை உயிரோடா இருந்தார்?"

சட்டப்படி, ஆம்.

பூட்ஸைக் கேட்டாள்.
மேல்முறையீட்டுக் காலம் கழியட்டும் என்றோம்.
யார் மேல்முறையீடு செய்வார் என்று
அவள் கேட்கவில்லை.
கதவைச் சாத்தாமல் போனாள்.
எழுந்து சாத்த
எனக்கும் மனம் வரவில்லை,
அந்தக் குளிரில்.