ஆறு பத்து

கணபதியை விட்டு அரசூருக்குப் போகிறது
பம்பு கம்பெனி,
லேத்து, கேன்டீன், ஆயுதபூஜைப் படங்கள் உட்பட.
ஆட்களுக்குப் புரிகிற மாதிரி
மூன்று நிமிடப் படம் வேண்டும் என்றார்கள்.

ட்ரோன் ஏற்றினேன்.
புதுக் கூரை நீலமாக மின்னியது.
பின்னணியில் வயலின்.
முதலாளியின் குரல்மேல் எழுத்துகள் மிதந்தன.

கேன்டீனில் போட்டுக் காட்டியபோது
வைண்டிங் செக்‌ஷன் பூவாத்தாள் கேட்டது ஒன்றுதான்:
"ஏனுங்க, பஸ்ஸு எத்தன மணிக்குத் திரும்புமுங்க?"

படத்தில் பஸ்ஸே இல்லை.

வெள்ளோட்டம் விட்ட அன்று
அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன்,
மடியில் கேமரா, சன்னல் கம்பியில் மைக்.
நீலாம்பூர். சின்னியம்பாளையம்.
சித்ரா சிக்னலில் மூன்று பச்சை விழுந்தும் நகரவில்லை.
பின்னால் யாரோ பொரி தின்னும் சத்தம்.
பூவாத்தாள் போனைத் திருப்பித் திருப்பி மணி பார்த்தார்.
காப்பகத்தை ஆறுக்குப் பூட்டிவிடுவார்கள்.
போய்ச் சேர்ந்தபோது ஆறு பத்து.
படிக்கட்டில் பையோடு ஒரு பையன்,
காப்பகக்காரம்மா கையில் குலுங்கும் சாவிக்கொத்து.

நான் எதையும் வெட்டவில்லை.

மீட்டிங் அறையில் ஏசி கொஞ்சம் அதிகம்.
"ரொம்ப நீளமுங்க," என்றார் மேனேஜர்,
"மியூசிக்காவது போட்டு உடுங்க."
கணக்குப் பிரிவு தேவசேனா
ஒலியைக் கூட்டச் சொன்னார்.
இப்போது சாவி நன்றாகக் கேட்டது.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"ஷிப்ட்ட
காமணி முன்னால உட்டா என்ன கெட்டுப்போகும்?"
யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.
யாரும் பேசவில்லை.

திரையில் பையன் இன்னமும்
செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தான்,
இடதை வலதில்.