இணை காணவில்லை

பால்கனிக் கதவைத் திறந்ததும்
மைனஸ் முப்பத்தொன்று உள்ளே வந்து உட்கார்ந்தது.
உறைந்த குதிரை இறைச்சிப் பொட்டலங்களுக்கு அடியில்
ஒரு பிஸ்கட் டப்பா.
டப்பாவுக்குள், பழைய சாக்ஸில் சுருட்டி,
ஹார்ட் டிஸ்க்.

உலான்பாத்தரில் குளிர்காலம் முழுக்க
பால்கனிதான் எங்களுக்கு ஃப்ரீசர்.
கெடக் கூடாததை அங்கே வைப்போம்.
கண்ணில் படக் கூடாததையும்.

சமையல் மேசையில் புது கம்ப்யூட்டர்
பாதி உடம்போடு கிடந்தது.
பலகை புதிது, மின்விசிறி புதிது,
ப்ராசஸர் இன்னும் இரண்டு தவணை பாக்கி.
டிஸ்க்குக்கு மட்டும் காசு தீர்ந்துவிட்டது.
பழசைப் போட்டால் ஓடாதா என்றாள் சொலோங்கோ.
ஓடும்.
ஓடுவதல்ல என் கவலை.

மேசையில் வைத்ததும் அதற்கு வியர்த்தது.
உலோக முதுகெங்கும் பொடிப்பொடியாய் நீர்.
அந்த ஈரத்தோடு மின்சாரம் கொடுத்தால் செத்துப்போகும்.
ஹேர் டிரையர் கூடாது, தானாகக் காய வேண்டும்,
ஆறு மணி நேரம் என்றேன்.
ஆறா!
செல்போனோடு போய்ப் படுத்துக்கொண்டாள்.

உப்புப் போட்ட பால் தேநீர் இரண்டு தரம் ஆறியது.

இதற்கு ஒரு ஜோடி இருந்தது.
கன்சோரிக் எதையும் நம்பாத ஆள்.
ஒன்று போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று
இரண்டாக வாங்கி
ஒன்றுக்கு ஒன்று கண்ணாடியாக்கி வைத்தான்.
இதில் எழுதினால் அதிலும் எழுதும்.
இதில் அழித்தால் அதிலும் அழியும்.

பிரிந்தபோது
சோபா அவனுக்கு, சலவை இயந்திரம் எனக்கு,
குழந்தை எனக்கு, கோடை விடுமுறை அவனுக்கு.
கம்ப்யூட்டரில் வந்து நின்றோம்.
அவன் ஸ்க்ரூடிரைவர் எடுத்தான்.
ஆளுக்கொரு டிஸ்க்.
பாதிப் பாதி இல்லை, ஆளுக்கு முழுசு.
நாங்கள் பங்கு போட்டதில்
இரண்டு பக்கமும் குறையாமல் போனது அது ஒன்றுதான்.

இரவு பதினொன்றரை.
நாலு திருகில் மூன்றுதான் அகப்பட்டது.
கேபிளைச் செருகிப் பட்டனை அழுத்தினேன்.
ஒரு முனகல்.
தொண்டையைச் செருமுவதுபோல் இரண்டு தட்டு.
அப்புறம் சீரான சுழற்சி.

முதலில் அதன் வயதைக் கேட்டேன்.
அதற்குப் பொய் சொல்லத் தெரியாது.
மின்சாரம் பாய்ந்திருந்த நேரம்
பதினெட்டாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு மணி.
வாங்கிப் பதினோரு வருடம்;
விழித்திருந்தது இரண்டு வருடம், சொச்சம்.
எங்கள் கல்யாணம் ஒன்பது வருடம் என்று
கோர்ட்டுத் தாளில் இருக்கிறது.
அதை யாரும் இப்படி எண்ணிப் பார்க்கவில்லை.

பிறகு திரையில் வந்தது:
இணை காணவில்லை.
புதிய இணையை இணைக்கவா?
ஆம். இல்லை. பிறகு கேள்.

சொலோங்கோ எப்போது எழுந்து வந்தாளோ,
தோளுக்குப் பின்னால் நின்று வாய்விட்டுப் படித்தாள்.
சிரித்தாள். நானும்.
சிரிப்பு நிற்கக் கொஞ்ச நேரமானது.

உள்ளே எல்லாம் இருந்தது.
அவளுக்கு முதல் பல் விழுந்த வீடியோ,
வெப்பக் கட்டண ரசீதுகள்,
மூன்றாம் பாடத்தைத் தாண்டாத என் கொரிய மொழி,
‘புதிய கோப்புறை’ என்ற ஒரே பெயரில் பதினேழு.
பதினான்காவதில்
அவனுக்கு எழுதி அனுப்பாமல் விட்ட கடிதம்.

அழிக்கப் போன விரல் நின்றது.
இனி அழித்தால் இங்கே மட்டும்தான் அழியும்.
டார்கானில், ஏதோ ஒரு மேசைக்கு அடியில்
அதே பதினான்காவதில்
அதே கடிதம்,
எழுத்துப்பிழைகளோடு, ஆறு வருடமாக.
நான் அனுப்பாததை
அன்றைக்கே அவன் கையில் கொடுத்தும் விட்டிருக்கிறேன்.

மணி பார்க்காமல் செய்தி தட்டினேன்:
உன் டிஸ்க் இன்னும் ஓடுகிறதா?

பற்களைத் தேய்த்து முடிப்பதற்குள் பதில்:
ஓடுகிறது. சத்தம்தான் கொஞ்சம் அதிகம்.

படித்தாயா என்று நான் கேட்கவில்லை.
எதை என்று அவனும் கேட்க முடியாது அல்லவா.

‘பிறகு கேள்’ என்பதை அழுத்தினேன்.
சொன்ன சொல் தவறாத இயந்திரம்.
திறக்கும்போதெல்லாம் கேட்கிறது.
இன்று காலையும் கேட்டது.