நீலம் போட்டேன்

காவேரிப்பட்டணத்தில் உரக்கடைக்கு மேலே
இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ்.
படியேறும்வரை யூரியா வாசனை,
உள்ளே ஏசி.
முப்பத்தாறு பெண்கள், முப்பத்தாறு திரைகள்.
ஏதோ ஒரு நாட்டில் தானாக ஓடப்போகும் காருக்கு
நாம்தான் கண் திறந்து வைக்கிறோம் என்று
சேர்ந்த அன்று கேக் வெட்டிச் சொன்னார்கள்.

வேலை சுலபம்.
படம் வரும், பெட்டி போட வேண்டும்.
பஸ்ஸுக்கு மஞ்சள். மாட்டுக்குப் பச்சை. ஆளுக்கு நீலம்.
கல், குப்பை, முறிந்து விழுந்த கிளை,
இன்னதென்று தெரியாத எல்லாவற்றுக்கும் சிவப்பு:
அப்ஸ்டக்கிள்.
ஒரு படத்துக்கு இருபத்திரண்டு வினாடி.
ஒன்றுக்குப் போக எழுந்தாலும்
திரை மூலையில் ஒரு கடிகாரம் ஓடும்.

ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை
எங்கள் ஊரே திரையில் வந்துவிட்டது.
கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை மேம்பாலம்.
பாலத்தடியில் தார்ப்பாய்,
தார்ப்பாய்மேல் செந்தூராப் பழம் குவித்து,
குவியலை ஒட்டி
முந்தானையைத் தலைவரை இழுத்துவிட்டு
மடங்கிக் கிடந்தது ஒன்று.
மெஷின் முன்கூட்டியே அதைச் சுற்றிச்
சிவப்புப் பெட்டி போட்டு வைத்திருந்தது.
நான் ஓகே அழுத்தினால் போதும்.

பெரிதாக்கிப் பார்த்தேன்.
சேலைக்கு வெளியே ஒரு கால்.
விரலில் மெட்டி.
நீலம் போட்டேன்.

திரும்பி வந்தது.
'தலை தெரியவில்லை, சிவப்பு' என்று குறிப்பு.
குறிப்பு எழுதியது ஆளா மெஷினா, தெரியாது.
நீலம் போட்டேன்.

மறுபடி வந்தது.
டீம் லீடர் முனிரத்தினம்
நாற்காலியை உருட்டிக்கொண்டே பக்கத்தில் வந்தார்.
கெட்டவர் இல்லை. தங்கை கல்யாணக் கடன் இருக்கிறது.
"எந்தக் கலரா இருந்தாலும் கார் நிக்கத்தானே போகுது, ஜீவிதா?"
நிற்கும்தான்.
கல்லுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கும்,
ஆளுக்கு எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று
எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.
அவருக்கும் சொன்னதில்லை.

நீலம் போட்டேன்.

தொண்ணூற்றெட்டாக இருந்த என் ஸ்கோர்
தொண்ணூற்றேழரைக்கு இறங்கியது.
ஊக்கத்தொகை எழுநூறு போச்சு,
ஒரு கேஸ் சிலிண்டருக்குக் கொஞ்சம் குறைவு.
இதைப் போராட்டம் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.
எனக்கே சிரிப்பு வந்தது,
பாத்ரூம் கண்ணாடி முன்னால்.

அங்கேதான் ஷபானா மெதுவாகச் சொன்னாள்:
ஆறு மாதமாக அவள்
ஆளோடு ஆளின் நிழலையும் சேர்த்தே பெட்டி போடுகிறாளாம்.
எதுக்குடி?
"சும்மாதான். அதுவும் அவங்களோடதுதானே."
கோமதி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால்
ஒரு விரற்கடை பெரிதாகப் போடுவாளாம்.
திடீரென்று ஓடுங்கள் அதுகள், என்றாள்,
கையைத் துடைத்துக்கொண்டே.
எத்தனை நாளாக ஒரே பெஞ்சில் சாப்பிடுகிறோம்,
ஒருத்திக்கும் ஒருத்தியைப் பற்றித் தெரியவில்லை.

அப்ஸ்டக்கிள் என்றால் தடை.
தமிழில் தடை என்றால்
எதிர்த்துக் கேட்கும் கேள்வியும்தான்:
தடை, விடை, பரீட்சைக்குப் படித்தது.
அந்த அர்த்தத்தில் என்றால்
அவளுக்குச் சிவப்பே இருக்கட்டும் என்று
பஸ்ஸில் ஒரு நிமிடம் தோன்றியது.
வேண்டாம். அவர்களுக்குத் தமிழ் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பாலத்தடிக்குப் போனேன்.
தார்ப்பாய் இருந்தது.
உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.
கிலோ அறுபது என்றாள்.
ஐம்பது என்றேன்.
"போம்மா, போய் வேலையைப் பாரு."
அறுபதே கொடுத்தேன்.
காலைப் பார்த்தேன். மெட்டி இல்லை.
வேறொருத்தி.
அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் விற்கிறார்கள்.

திங்கட்கிழமை முதல் படம்.
பனி கொட்டும் ஏதோ ஊர்,
சாலையோரம் கறுப்பாக ஒரு மூட்டை.
பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன்.
கால் இருக்கிறதா, விரல் இருக்கிறதா,
மூச்சு விட்ட புகை ஏதாவது.
மூட்டைதான்.
சிவப்பு போட்டேன்.
இருபத்திரண்டில் பத்தொன்பது வினாடி
அதற்கே போயிருந்தது.