நாலு ஸ்வாட்டி

போஸ்னானில் அன்று ஆலங்கட்டி மழை.
புது டிவி வாங்கவென்றே
உறை நிறையப் பணத்தோடு வந்திருந்தாள் யாத்விகா.
பழசுக்கு என்ன, என்றான் கஸ்பர்.
படம் வருது, சத்தம் இல்லை.
"ஒயர்தான் போயிருக்கும்.
நாலு ஸ்வாட்டி."
பில் போட்டது நான்.
கண்ணாடி அறைக்குள்ளிருந்து மேலாளர்
பார்த்துக்கொண்டேயிருந்தார்.

மார்ச்சில் மறுபடி வந்தாள்.
பிரிட்ஜும் வாஷிங் மெஷினும் வேண்டுமாம்.
சுற்றுமுற்றும் தேடினாள்.
"அந்தப் பையன் எங்கே?"

விற்பனைக் கணக்கு எட்டவில்லை,
அனுப்பிவிட்டார்கள்.
அதைச் சொல்ல எனக்கு அனுமதியில்லை.
சாலைக்கு அப்பால்,
ட்ராம் நிறுத்தத்தை ஒட்டிய போட்டிக் கடையைக்
கண்ணால் காட்டினேன்.

எங்கள் கதவில்
பெரிய சிவப்பெழுத்தில் தள்ளுபடி,
இருபது சதவீதம்.
அதன்மேல் கைவைத்துத்தான்
தள்ளித் திறந்து
வெளியே போனாள்.