பென் டிரைவில் ஆறு பிரதிகள்

ரியோனி ஆற்றங்கரை நகரில்
மன்றக் கூடத்தின் கடைசி வரிசைக்கும் பின்னால்
ஒரு மேசை, ஒரு கணினி, ஆட்டம் கண்ட ஒரு கேபிள்.
பதினேழு வருடமாக நான் அங்கேதான்.
மேடையேறுகிறவர்களின் முதுகு எனக்குத் தெரியாது,
அவர்களுடைய கோப்புகளின் முதுகு தெரியும்.

எதேரி கப்ரிச்சிட்சே அன்று
பென் டிரைவை என் உள்ளங்கையில் வைத்து
விரல்களை அவளே மடக்கினாள்.
ஒரே காட்சியுரை. ஆறு வடிவம்.
"போன முறை நடந்தது நினைவிருக்கிறதா, கோச்சா?"

மறப்பேனா.
திராட்சைக் கொடியாய்ச் சுருளும் எங்கள் எழுத்தெல்லாம்
திரையேறியதும் வெற்றுப் பெட்டிகளாயின.
பெட்டி, பெட்டி, பெட்டி, நடுவே ஒரு சதவீதக்குறி.
உள்ளே என்ன இருந்ததென்று கேட்காமலே
கைதட்டிவிட்டுக் கலைந்தது சபை.

இம்முறை அவள் எதையும் நம்பவில்லை.
மூலம் ஒன்று.
என் கிழட்டுக் கணினிக்கென்று பழைய பதிப்பில் ஒன்று.
தொட்டதும் முழுத்திரையாய் எழுந்து நிற்பது ஒன்று.
பக்கமெல்லாம் படமாக உறைந்து
பிழையும் இனித் திருத்த முடியாத பிழையாகிவிட்ட ஒன்று.
வீடியோ.
அப்புறம் பிடிஎஃப், வரும் வழியில்
மினிபஸ் குலுங்கக் குலுங்க மடியில் வைத்துச் சேமித்தது.
பெயர்கள்: இறுதி. இறுதி இரண்டு. இதுதான் இறுதி.

மேல் கரையில் ஒரு விரிசல்,
அவ்வளவுதான் விஷயம்.

மூலத்தைத் திறந்தேன்.
"சேதமடைந்துள்ளது, சரிசெய்யட்டுமா?" என்றது கணினி.
செய் என்றேன்.
விரிசலின் படத்தை நீக்கிவிட்டு
மற்றதையெல்லாம் சரிசெய்தது.
எங்கள் பொதுப்பணித் துறையிலும் அதுதான் வழக்கம்.

பழைய பதிப்பில் படம் இருந்தது,
சுட்டிக்காட்டும் அம்பு இல்லை.
எழுந்து நிற்பது எழவே இல்லை.
படங்கள் வரிசை மாறிக் கிடந்தன,
பத்தாவது இரண்டாவதற்கு முன்னால்.

வீடியோ ஓடியது.
பக்கத்துக்குப் பதினொரு நொடி,
ஒத்திகையில் அவள் மூச்சுக்கு அளந்து வைத்தது.
இன்றைக்குத் தொண்டை அடைத்திருந்தது.
"கரையின் தென்புறத்தில்" என்று அவள் தொடங்குகையில்
திரை நன்றி சொல்லி முடித்துவிட்டது.
சிரித்தார்கள். மேயர் மணி பார்த்தார்.

"பிடிஎஃப்" என்றாள் மேடையிலிருந்தே.

எழுத்து நின்றது, ஒரு சுழியும் குறையாமல்.
படம் நின்றது. அம்பு நின்றது.
அடியில் இன்னொன்றும் நின்றது:
பேசுகிறவள் கண்ணுக்கு மட்டும் என்று
அவள் எழுதி வைத்திருந்த குறிப்பு.
சேமிக்கும்போது ஏதோ ஒரு கட்டத்தில்
ஒரு டிக் விழுந்திருக்கிறது.

"இங்கே வேகமாகக் கடந்துவிடு.
எண்ணைச் சொல்லாதே. கேட்டால் மட்டும்.
கேட்க மாட்டார்கள்."

மவுஸின் மேல் என் விரல்.
ஒரு சொடுக்கு போதும், திரை கறுத்துவிடும்.
கேபிளை லேசாக அசைத்தாலும் போதும்,
எத்தனை பழியை அது சுமந்திருக்கிறது.
நான் அசைக்கவில்லை.
துணிச்சல் என்று நினைத்துவிட வேண்டாம்.
வாசித்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு முன் வரிசையில் கீழ்க்கரைக்காரி ட்சியாலா,
சந்தையில் பாலாடைக்கட்டி விற்றுவிட்டு
காலிக் கூடையோடு வந்தவள், எழுந்தாள்.
"நான் கேட்கிறேன். என்ன எண்?"

எதேரி அப்போதுதான் திரையைத் திரும்பிப் பார்த்தாள்.
தன் வரிகளையே
யாரோ எழுதிய கடிதம்போல் வாசித்தாள்,
கடைசி வரியை இரண்டு முறை.
மைக்கை விட்டு விலகிச் சொன்னாள்:
நாற்பத்தொரு மில்லிமீட்டர். மார்ச்சிலிருந்து.

மீதி கூட்டக் குறிப்பேட்டில் இருக்கிறது.
அதையும் ஏதோ ஒரு வடிவத்தில்
யாரோ சேமித்திருப்பார்கள்.

அடுத்த வாரம்
பென் டிரைவை வாங்க வந்தவள்
ஒன்றே ஒன்று கேட்டாள்:
"கூட்டத்துக்கு முன்னால் ஆறையும் திறந்து பார்ப்பாயே,
நீ எப்போதும் பார்ப்பாயே, கோச்சா?"

கேபிள் கழன்றுவிட்டது போலக் குனிந்து
மேசைக்கடியில் வெகுநேரம் தேடினேன்.